தூது லண்டனுக்கு, செலவு நமக்கு

1867 ஜூலை 19. லண்டனில் புதிதாகக் கட்டி முடித்த இந்தியா ஆபீஸின் (இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுத் துறை) நடுமுற்றத்தில் ராத்திரி பெரிய நடன விருந்து. விருந்தாளி துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ். அவருடைய நட்பு பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது, ரஷ்யாவைத் தடுத்து நிறுத்த. விருந்துச் செலவை மட்டும் இந்திய வருவாய்க் கணக்கில் எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் ஒரிசாவில் பஞ்சம், ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள். அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவன் வாங்கிய உப்புக்குக் கட்டிய வரியும் அந்த விருந்துக்குப் போயிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து அந்த முற்றம் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

நாம் "சுரண்டல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது தப்பில்லை, ஆனால் அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று பார்க்காமலே நகர்ந்துவிடுகிறோம். ரயில், ராணுவம், பென்ஷன், இதெல்லாம் ஓரளவு பேசப்பட்டாயிற்று. தூதரகச் செலவை யார் கொடுப்பது என்று நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்த இழுபறியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சியாகத் தெரிகிறது. ஏனென்றால் வெளியுறவு என்பது முழுக்க முழுக்க லண்டன் முடிவு செய்தது. நட்பு யாரோடு, பகை யாரோடு என்பதில் இந்தியனுக்கு ஒரு சொல்கூட இல்லை. அப்படி இருந்தும் பில் மட்டும் இங்கே வந்தது.

பாரசீகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைய ஈரான். நெப்போலியன் பயத்தில் 1808 வாக்கில் லண்டன் ஹார்ஃபோர்டு ஜோன்ஸ் என்ற தூதரை அங்கே அனுப்பியது. அதே சமயம் கல்கத்தாவிலிருந்து கவர்னர் ஜெனரல் மின்டோ தன் ஆளாக ஜான் மால்கமை அனுப்பினார். ஒரே நாட்டின் பெயரால் ஒரே ஷாவிடம், அதாவது பாரசீக மன்னரிடம், இரண்டு தூது! மால்கம் தெஹ்ரானுக்குப் போகவே முடியாமல் திரும்பிவிட, ஜோன்ஸ் 1809-ல் ஒப்பந்தம் போட்டுவிட்டார். மின்டோவுக்கு வந்ததே கோபம், ஜோன்ஸ் எழுதும் உண்டியல்களுக்கு (கடன் சீட்டுகளுக்கு) பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அதாவது ராஜாவின் தூதர் வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்குகிறார், அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி கஜானா கட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், கம்பெனி மறுக்கிறது. அடுத்து 1814 ஒப்பந்தப்படி ஷாவுக்கு வருஷத்துக்கு 2,00,000 தோமான் (பாரசீக நாணயம்) மானியம். 1828-ல் அந்தக் கடமையிலிருந்து விடுபடுவதற்கே இன்னொரு 2,00,000 தோமான் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்தத் தெஹ்ரான் தூதரகம் பந்து மாதிரி உருண்டது. கம்பெனியின் பொறுப்பு, பிறகு 1835-ல் லண்டன் வெளியுறவுத் துறை, 1859-ல் இந்தியா ஆபீஸ், அடுத்த வருஷமே மறுபடியும் வெளியுறவுத் துறை. பொறுப்பு கைமாறினாலும் இந்தியாவின் பங்குத் தொகை நிற்கவில்லை. பிரிட்டிஷ் கருவூலம் சொன்ன வாதம் எளிமையானது: பாரசீகத்தில் நமக்கு என்ன வேலை, இந்தியாவைக் காப்பாற்றத்தானே அங்கே இருக்கிறோம், ஆகவே இந்தியா கொடுக்கட்டும். கேட்க நியாயம் போலவே இருக்கும். ஆனால் ரஷ்யா இந்தியாவுக்கு எதிரியானது எப்படி? இந்தியா பிரிட்டனின் கையில் இருந்ததால்தானே. திருடன் பயத்துக்குப் பூட்டு வாங்க வேண்டியது வீட்டுக்குச் சொந்தக்காரன். வீட்டை ஆக்கிரமித்து உட்கார்ந்திருந்தவனோ பூட்டின் விலையை உள்ளே அடைபட்டிருந்தவனிடம் கேட்டான்.

சரி, இந்தியாவுக்குப் பயனே இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஓமானின் மஸ்கட்டிலும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்ஜிபாரிலும் கட்ச் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்டிருந்தார்கள், வளைகுடாவில் கப்பல் பத்திரமாகப் போனால் அவர்களுக்கும் நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜான்ஜிபார் கதையையே பாருங்கள். ஓமான் சுல்தானகம் இரண்டாகப் பிரிந்தபோது, வருஷத்துக்கு 40,000 மரியா தெரேசா வெள்ளி நாணயங்களை ஜான்ஜிபார் மஸ்கட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1861-ல் வைஸ்ராய் கானிங் தீர்ப்புச் சொன்னார். ஜான்ஜிபார் கொடுக்காமல் இழுத்தடித்ததும், 1870-களில் அந்தப் பொறுப்பைப் பிரிட்டிஷார் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு அரபு சுல்தான்களுக்கு இடையிலான பாக்கி 86,400 ரூபாயாக இந்தியக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது, வருஷா வருஷம். ஜான்ஜிபார் நிர்வாகம் இந்தியாவிடமிருந்து வெளியுறவுத் துறையின் கைக்குப் போன பிறகும் இது நம் தலையில்தான் இருந்தது.

காபூல் இன்னும் பெரிய கணக்கு. ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மானுக்கு 1883 முதல் வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய், 1893-ல் இந்திய-ஆப்கன் எல்லையை வகுத்த டியூரண்ட் எல்லைக்கோடு ஒப்பந்தத்துக்கு அப்புறம் 18 லட்சம். முழுக்க இந்திய வரிப்பணம்.

அபிசீனியா விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. எத்தியோப்பிய மன்னர் தெவோத்ரோஸ் விக்டோரியா ராணிக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்டன் வெளியுறவுத் துறை அதற்குப் பதில் போடவில்லை. அவமானப்பட்ட மன்னர் பிரிட்டிஷ் கான்சல் கேமரூனைச் சிறையில் போட்டுவிட்டார். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாததால் வந்த வினை. அவரை மீட்கப் பம்பாயிலிருந்து நேப்பியர் தலைமையில் படை போனது, 1868-ல் மக்தலா விழுந்தது, மொத்தச் செலவு ஏறக்குறைய 90 லட்சம் பவுண்டு. அதில் பெரும்பகுதியைப் பிரிட்டன் கட்டியது உண்மை. ஆனால் போன இந்தியப் படைகளின் வழக்கமான சம்பளம் இந்தியாவின் தலையில். எப்படியும் கொடுக்கப்போகிற சம்பளம்தானே என்றார்கள். அந்தச் சிப்பாய்கள் இல்லாமலே இந்தியா சமாளிக்க முடியுமென்றால், அத்தனை பேரை இந்தியா செலவில் ஏன் வைத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கடைசி வரை அவர்களிடம் உருப்படியான பதில் இல்லை.

பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இதையெல்லாம் எதிர்த்துப் பேசியவர் ஹென்றி ஃபாசெட், கண் பார்வை இழந்தவர். சுல்தான் விருந்துச் செலவையும் விடவில்லை, அபிசீனியாச் செலவையும் விடவில்லை. 1874 தேர்தலில் பிரைட்டனில் அவர் தோற்றபோது, மறுபடி நிற்பதற்காக இந்தியர்கள் இங்கிருந்து பணம் திரட்டி அனுப்பினார்கள். தங்களுக்கென்று ஓட்டே இல்லாத ஜனங்கள், தங்களுக்காகப் பேசிய ஒரே குரலைக் காப்பாற்றக் கைக்காசு போட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு 1895-ல் வெல்பி பிரபு தலைமையில் ராயல் கமிஷன் வந்தது, இந்தியச் செலவில் எது யார் பங்கு என்று ஆராய. தாதாபாய் நவ்ரோஜி அதில் உறுப்பினர். 1897-ல் லண்டனுக்குப் போய்ச் சாட்சி சொன்ன நான்கு இந்தியர்களில் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி பெயர்களைப் பலர் சொல்வார்கள். நாலாவது ஆள் நம்ம ஜி. சுப்பிரமணிய ஐயர், திருவையாற்றுக்காரர், சுதேசமித்திரனைத் தொடங்கியவர். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த ஒருவர், சாம்ராஜ்யத்தின் தலைநகரத்தில் அவர்களுடைய கணக்கை அவர்கள் எதிரிலேயே பிரித்து வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். அதை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1900-ல் அறிக்கை வந்தது. பாரசீகத் தூதரகச் செலவு சமபாதி என்றார்கள், அரேபியக் கரையில் பிரிட்டிஷார் வைத்திருந்த ஏடன் துறைமுகத்தின் ராணுவச் செலவில் பிரிட்டனும் பங்கு போட வேண்டும் என்றார்கள், இன்னும் சில சில்லறைச் சலுகைகள். கமிஷன் உறுப்பினர்களில் நவ்ரோஜி, வெட்டர்பர்ன், கெய்ன் மூவரும் இதை ஏற்காமல் தனி அறிக்கை எழுதினார்கள். நவ்ரோஜியின் அடிப்படைக் கேள்வி தொகையைப் பற்றியது அல்ல. பங்காளி என்று சொல்லிச் செலவில் பங்கு கேட்கிறீர்களே, பங்காளிக்கு உரிய குரல் எங்கே என்பதுதான். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இப்படித் தூதரகச் செலவுக்குப் பங்கு கட்டவில்லை. காலனி மந்திரிக்குச் சம்பளம் பிரிட்டிஷ் கஜானாவிலிருந்து வந்தது. இந்தியா மந்திரிக்கு மட்டும், அவர் உட்கார்ந்த லண்டன் அலுவலகக் கட்டடம் உட்பட, இந்தியா கொடுத்தது. 1919 சட்டத்துக்குப் பிறகுதான் அந்தச் சம்பளம் அவர்கள் கணக்குக்குப் போனது.

இந்தச் சண்டை பெரும்பாலும் இரண்டு வெள்ளைக்கார அலுவலகங்களுக்கு இடையில்தான் நடந்தது. கருவூலம் ஒரு பக்கம், இந்தியா ஆபீஸ் ஒரு பக்கம். ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்கு வந்த இந்திய விருந்தினர் செலவை இந்தியாவின் தலையில் கட்டப் பார்த்தபோது வைஸ்ராய் கர்சனே எதிர்த்தார், ஆடம்பரத்தில் அவருக்கு இருந்த ஆசை ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவருக்கே அது அநியாயமாகப் பட்டிருக்கிறது.

வெல்பி கமிஷனில் சுப்பிரமணிய ஐயர் சொன்ன சாட்சியத்தை யாராவது தமிழில் மொழிபெயர்த்திருந்தால் தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள். இல்லையென்றால் சேர்ந்து செய்வதற்கு ஆள் தேவை, நான் தயார்.