ஊராட்சித் தேர்தல் தேதி யார் கையில்?

தேர்தல் ஆணையம் என்றாலே எல்லோருக்கும் டெல்லிதான் ஞாபகம் வருகிறது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்க பிரதமர், எதிர்க்கட்சித் தலைவரோடு இந்தியத் தலைமை நீதிபதியையும் சேர்த்து ஒரு குழுவைச் சொன்னது, அதே வருடம் டிசம்பரில் தலைமை நீதிபதியை எடுத்துவிட்டு ஒன்றிய அமைச்சர் ஒருவரை உட்கார வைத்துச் சட்டம் போட்டார்கள், ஆக மூன்றில் இரண்டு ஓட்டு ஆளுங்கட்சிக்கு. இதற்கு முகநூலில் பொங்காத ஆளில்லை, நானும்தான். ஆனால் நம் ஊர் பிரசிடெண்டு, கவுன்சிலர் தேர்தலை நடத்துகிற மாநிலத் தேர்தல் ஆணையத்தைப் பற்றி யாராவது வாய் திறக்கிறோமா?

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை இடஒதுக்கீடு வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் மேல்முறையீடு, அப்புறம் வார்டு மறுவரையறை, அப்புறம் புது மாவட்டங்கள். எங்கள் பக்கம் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது 2019 டிசம்பர் கடைசி. மதுரை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி! ஸ்மார்ட் சிட்டி என்று மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டதும் பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டியதும் நூறு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில். அப்போது அதிமுக ஆட்சி. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் காலம் முடிந்து தேர்ந்தெடுத்த ஆட்களுக்குப் பதிலாக மறுபடி தனி அலுவலர் என்ற அரசு அதிகாரி வந்தபோது திமுக ஆட்சி. இதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

தனி அலுவலர் என்றால் என்னவென்று டவுன்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டி மோட்டார் எரிந்துபோனது. பிரசிடெண்டு இருந்தால் காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று நாலு சத்தம் போடலாம். இப்போது ஒன்றிய அலுவலகத்துக்குப் போகணும். அங்கே தனி அலுவலரான பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) தலையில் ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சியும். "சார் கலெக்டர் மீட்டிங் போயிருக்கார், எழுதிக் கொடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் ஓட்டுக் கேட்டு வரவேண்டிய கட்டாயம் அதிகாரிகளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்கணும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மாநிலத் தேர்தல் ஆணையரை உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்குவது போலத்தான் நீக்க முடியும். அப்படியும் ஏன் நடக்கவில்லை? ஆணையரை நியமிப்பது பேருக்கு ஆளுநர், ஆளைச் சொல்வது மாநில அரசு. எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கீடு என்பது அரசின் அறிவிக்கை. தேர்தல் நெருங்கும்போது நாலு ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கிறோம் என்று ஓர் உத்தரவு வந்தால் எல்லை பிரிப்பது முதலிலிருந்து. மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதையே 2019 நவம்பரில், தேர்தல் வாசலில் நிற்கும்போது, அவசரச் சட்டத்தில் மாற்றினார்கள். கோவாவில் இன்னும் மோசம், சட்டச் செயலாளரையே கூடுதல் பொறுப்பாக ஆணையர் ஆக்கினார்கள். அரசு வேலையில் இருப்பவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் இருக்கின்றன. தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கித் தனி ஊராட்சி ஆக்கினார்கள் என்பதற்காக 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. மனுப் போட ஆள் வராது, வந்து ஜெயித்தவர் உடனே ராஜினாமா. ஆணையம் திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவித்தது, சட்டப்படி அதன் வேலை முடிந்தது. 2006-ல் உதயச்சந்திரன் கலெக்டராக இருந்தபோது ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் நடந்தது. ஆக சட்டம் மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நல்ல கலெக்டர் வருவார் என்று எத்தனை ஊர் காத்திருக்க முடியும்? அவரையும் அனுப்புவது அரசுதானே.

நான் கேட்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. ஆணையரை முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து எடுக்கட்டும். ஒதுக்கீட்டு அறிவிக்கை ஆணையத்திடம் போகட்டும். பதவிக்காலம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே எல்லைகளை மாற்றுவது, தேர்தல் முறையை மாற்றுவது எல்லாம் நிற்கட்டும், சேர்ப்பதைத் தேர்தல் முடிந்து சேர்த்துக்கொள்ளலாம். டெல்லியில் தலைமை நீதிபதியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கும் கட்சிக்கார நண்பர்கள், சென்னையில் அந்த மூன்று பேர் குழுவுக்குச் சம்மதமா என்று கமெண்டில் சொல்லுங்கள்.