வஞ்சிரம் மட்டும் கேட்டால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் மீன் ஆர்டர் தொடங்கிவிடும். "கடலிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு" என்று சொல்லும் ஒரு செயலிதான். இருபது வீட்டில் பதினைந்து வீட்டுக்கு வஞ்சிரம், மீதிக்கு இறால். காரப்பொடி, கிழங்கான், மத்தி மாதிரி மலிவு மீன் எல்லாம் யார் கண்ணிலும் படுவதே இல்லை. தரகர் ஒழிந்தார் என்ற பெருமை வேறு. கரையில் நின்றவர் இப்போது செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

தரகரின் பிடி மீனவருக்குக் கொடுக்கும் முன்பணத்தில் இருக்கிறது. எஞ்சின் பழுதா, வலை போயிற்றா, வீட்டில் கல்யாணமா, கேட்ட அன்றே பணம் தருபவர் அவர்தான். வங்கி கேட்கும் காகிதம் எதையும் கேட்கமாட்டார். பிடித்து வரும் மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஏலத்தில் விலை அவர் பக்கம் சாயும், கமிஷன் தனியாகப் போகும், அசல் அப்படியே நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. படகைக் கரையேற்றிச் சரிசெய்யும் காலம் அது. வரவு கிடையாது, செலவு மட்டும் உண்டு.

இந்த முன்பணத்தை மீன் தின்பவரே கொடுத்தால் என்ன?

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் போர்ட் கிளைட் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். 2007 குளிர்காலத்தில் அங்கே இறாலுக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை. பக்கத்து ராக்லண்ட் ஊரில் ஒரு தேவாலயத்துக்கு வருபவர்கள் அந்தப் பருவத்து இறாலில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்டில் இந்த முறைக்குத் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். உழவர்களிடம் விளைச்சலுக்கு முன்பே பணம் கட்டிக் காய்கறி வாங்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது, அதைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

பங்கு என்ற சொல் நம் கரைக்குப் புதிதில்லை. பாடு, அதாவது மீன்பிடிப்பு, முடிந்ததும் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பதுதான். மேய்னில் தின்பவருக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். பங்காளி என்று ஆனபின் வலையில் என்ன ஏறியதோ அதுதான் உனக்கு. குறைந்தால் உனக்கும் குறையும். செயலியில் இது நடக்காது. அங்கே நாம் வாடிக்கையாளர், வஞ்சிரம் இல்லையென்றால் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம்.

இதிலும் கடல்தான் கடைசி வார்த்தை சொல்லும். மேய்ன் வளைகுடா சூடேறி, இறால் அருகி, 2014 முதல் அந்த இறால் பிடிப்பையே மூடிவிட்டார்கள். ஒரே மீனை நம்பினால் இதுதான் கதி. காரப்பொடிக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். (என் மனைவி சொல்லும் காரணம், நான் கஞ்சன் என்பது.)

நம் பக்கத்தில் பாதி வேலையை எப்போதோ செய்து முடித்தவர்கள் உண்டு. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ். திருவனந்தபுரம், குமரி மாவட்டக் கரையூர்களில் மீனவர்களே சங்கம் அமைத்து ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். ஏலம் விடுவது சங்கத்தின் ஆள். விற்ற பணத்தில் ஒரு பகுதி சேமிப்புக்கும் கடனுக்கும் பிடித்தம். கடனையும் சங்கமே கொடுக்கும். வியாபாரி வரலாம், விலை கேட்கலாம், ஆனால் படகைக் கட்டிப்போட முடியாது. மீதிப் பாதி தின்பவர் பக்கம் இருக்கிறது. அங்கே நாம் ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் பெண்கள். மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் 2009இல் இப்படி ஒரு திட்டம் வந்தபோது அதன் பின்னால் நின்றது மீனவர் மனைவியர் சங்கம். முழு மீனைக் கையில் கொடுத்ததும் வாங்கியவர்கள் திணறிப்போய், மீன் வெட்டவே கற்றுக்கொண்டார்களாம். நம் ஊரில் வெட்டக் கற்றுத்தர வேண்டியதில்லை, கூடைக்கார அக்கா இருக்கிறார். எந்த வீட்டில் சின்னப்பிள்ளை, எந்த வீட்டில் முள் ஆகாது என்று அவருக்குத் தெரியும். "நேரடி" என்று சொல்லி அவரை வெட்டிவிடும் எந்தத் திட்டத்துக்கும் நான் ஆள் இல்லை.

போன வாரம் எங்கள் தெருவுக்கு வரும் அக்காவிடமே கேட்டேன். பத்து வீடு சேர்ந்து மாதப் பணத்தை முன்னாலேயே தந்துவிடுகிறோம், வாரம் இரண்டு நாள் வருகிற மீனைக் கொடுங்கள், எந்த மீனாக இருந்தாலும் சரி என்றேன். மத்தியை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "பணத்த வாங்கி வச்சுக்கினு, கடல் ஒண்ணும் குடுக்கலைன்னா? உங்க கேட்டாண்ட எந்த மூஞ்சிய வச்சுக்கினு வருவேன் தம்பி?" என்றார்.

குழுவில் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்று இரவு கேட்கப்போகிறேன்: மீன் வராத வாரத்துக்கும் பணம் கொடுக்கத் தயாராக எத்தனை வீடு?