டிசைன் இளங்கலையில் ஆராய்ச்சி உண்டு

"டிசைன் இளங்கலைக்கு வரையத் தெரிந்தால் போதும், ஆராய்ச்சியெல்லாம் பிஎச்டிக்காரர்கள் வேலை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு, நண்பரே. சேரப்போகும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) 1961இல் உருவாக அடித்தளமே அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் லோட்டா, அதாவது நம் வீட்டுச் சொம்பு. எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், தலையில் தூக்குவார்களா இடுப்பிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், எப்படி ஊற்றுவது, கண்ணை மூடித் தொட்டால் எப்படி இருக்கும் என்று கேள்விமேல் கேள்வி. ஒரு சொம்புக்கே இவ்வளவு கேட்கச் சொன்னார்கள்!

இன்றும் என்.ஐ.டி.யில் பி.டெஸ். (டிசைன் இளங்கலை) மாணவர்கள் கைவினை ஆவணப்படுத்தலுக்காக ஊர்களுக்குப் போகிறார்கள். கைவினைஞர்களோடு உட்கார்ந்து கருவி, மூலப்பொருள், செய்முறை எல்லாவற்றையும் எழுதியும் வரைந்தும் பதிவு செய்கிறார்கள். அங்கே வரைந்த படமே ஆய்வுத் தரவு. வரைவதையும் ஆராய்வதையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பிரிட்டனிலும் கலைக் கல்வி பற்றிய 1960 கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை, வரைவதோடு நிற்காமல், கலைப் பட்டயப் படிப்பில் கலை வரலாற்றையும் துணைப் பாடங்களையும் கட்டாயமாக்கச் சொன்னது.

பிஎச்டி அளவு ஆழத்தை இளங்கலையில் எதிர்பார்ப்பதில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்வேன்.