மங்குஸ்தான் விதையை உலர்த்தாதீர்கள்

தபாலில் வந்த பத்து மங்குஸ்தான் விதைகளை இன்று காலை பிரித்தேன். நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அக்கறையோடு பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்கள். நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறம். பத்தும் செத்த விதைகள். மனம் ஆறவில்லை, எழுதுகிறேன்.

விதை என்றால் காயவைக்க வேண்டும் என்பது நம் கைக்கு ஊறிப்போன பழக்கம். நெல்லுக்கும் கத்தரிக்கும் சுரைக்கும் அது சரி. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா எல்லாம் மழைக்காட்டு மரங்கள். ஈரத் தரையில் விழுந்த சில நாட்களிலேயே முளைவிடப் பழகியவை. இவற்றின் விதைக்கு உறக்கம் கிடையாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். குளிர்பதனப் பெட்டியும் இவற்றுக்கு ஆகாது. பழம் தின்ற அன்றே விதைத்துவிடுங்கள். முடியாதென்றால் பழத்தை உடைக்காமல் வையுங்கள். ஓட்டுக்குள் மங்குஸ்தான் விதை சில வாரங்கள் உயிரோடிருக்கும்.

எல்லாச் சுளையிலும் முழு விதை இருக்காது. பெரிய சுளை ஒன்றிரண்டில்தான் தேறும். அதிலும் கனமானதாகப் பார்த்து எடுங்கள். சிறு விதையின் கன்று முதல் கோடையிலேயே சோர்ந்துவிடும். ஒட்டிய சதையை விரலால் தேய்த்து எடுக்க வேண்டும், மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமான தென்னை நார்க்கழிவில், ஆழமான பையில் ஊன்றுங்கள். இதன் வேரில் மயிர் போன்ற நுண்வேர்கள் இல்லை. அசைத்தால் தாங்காது, அடிக்கடி தொட்டி மாற்றவே கூடாது.

மகரந்தம் சேராமலே உருவாகும் விதை என்பதால் மங்குஸ்தான் கன்று தாயைப் போலவே காய்க்கும். ஆனால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ரம்புட்டானில் கதையே வேறு. விதைக் கன்று ஆண் மரமாகவே நின்றுவிடலாம். ஐந்தாறு ஆண்டு நீர் ஊற்றிய பிறகு அது தெரிய வரும்போது வயிறு எரியும். அதற்கு, காய்த்த மரத்திலிருந்து மொட்டு எடுத்துக் கட்டிய கன்றுதான் வேண்டும்.

'எங்கள் வெயிலுக்கு இதெல்லாம் வராது' என்பவர்களிடம் ஒன்று கேட்பேன். பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்ததுண்டா? கை சுடும். சென்ற கோடையில் வாடிய கன்று ஒன்றைப் பிரித்தபோது அந்தப் பக்கத்து வேர் முழுதும் கருகியிருந்தது, எதிர்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது. இலை வாடுகிறதே என்று நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது பைகளை நெருக்கி வைத்து, சுற்றிலும் சருகு அணைத்து, மேலே நிழல்வலை கட்டியிருக்கிறேன். நிலத்தில் நட்ட கன்றுக்கும் முதல் சில ஆண்டுகள் வாழை நிழல் உண்டு. வாடல் நின்றுவிட்டது.

மங்குஸ்தான் பழம் கிடைக்கும் நண்பர்கள் விதையைத் தூக்கிப் போடாதீர்கள். உலர்த்தாமல், ஈர நார்த்தூளில் பொதிந்து எனக்கு அனுப்புங்கள். பதிலுக்கு முட்டைப்பழக் கன்று தருகிறேன், ஆறு தயாராக இருக்கின்றன.