ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மழைத்தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

2022 பிப்ரவரி. மாநகராட்சித் தேர்தலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். மேளச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டு முன்னால் கும்பிட்டு நின்றவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அண்ணே, நம்ம தெரு மழைநீர் கால்வாய் எங்க போய்ச் சேருது?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். "எல்லாம் செஞ்சு குடுத்துருவோம்மா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மேளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டது.

அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் எனக்கே அன்றைக்குப் பதில் தெரியாது.

அடுத்த 22-ஆவது மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 4 காலையில் எழுந்தபோது சமையலறையில் கேஸ் சிலிண்டர் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. கட்டில்மேல் நாற்காலியைப் போட்டு மாமியாரை உட்கார வைத்தோம். மூன்று நாள் கரண்ட் இல்லை. வந்தது வெறும் மழைத்தண்ணீராக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சாக்கடையும் சேர்ந்து வந்தது. அந்த வாடை சுவரைவிட்டுப் போகப் பொங்கல் ஆகிவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த அக்காவும் கால்வாயை ஒட்டியே நடந்து போய்ப் பார்த்தோம். மூன்றாவது தெரு முனையில் புதுக் கால்வாய் பழைய கால்வாயோடு சேர்கிறது. புதுசைவிடப் பழசு ஒரு அடி மேடு! தண்ணீர் எப்படி ஏறிப் போகும்? வழியில் நாலு வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அதற்குள்ளேயே விட்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. நாற்பது நிமிஷம் நடந்தோம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் மீதி வழியையும் தெரிந்துகொண்டேன். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு, கடைசியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்க்கப்பட்ட அதே சதுப்புநிலத்தில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கிறது.

இதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "கிளைமேட் சேஞ்ச் எல்லாம் டெல்லியில பேச வேண்டியதும்மா. கவுன்சிலர்கிட்ட ரோடு கேளு, லைட்டு கேளு." அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் இதில் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைத் தாங்குகிறது, அதனால் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுவது அடிக்கடி நடக்கிறது. மழையை எந்தக் கவுன்சிலராலும் நிறுத்த முடியாது. அது எந்தக் கால்வாயில் போகிறது என்பது மாநகராட்சி கையில்தான் இருக்கிறது. குப்பையும் அப்படியே. மக்கும் குப்பையைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொட்டினால் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது, சுலபமாகத் தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி கிடங்கு எரிந்தபோது நாள்கணக்கில் புகையில் மூச்சு முட்டிக் கிடந்தோமே, மறந்துவிட்டதா? நம் வாசலுக்கு வருகிற பேட்டரி வண்டியில் இரண்டு வகைக் குப்பையும் ஒன்றாக விழுகிறதா, தனித்தனியாக விழுகிறதா என்பது வார்டு விஷயம்.

வெயிலும்தான். தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு புங்கமரம் இருந்தது. தூய்மைப் பணியாளர் அம்மா காலையில் பெருக்கி முடித்துவிட்டு அதன் அடியில்தான் டிபன் பாக்ஸைத் திறப்பார். கால்வாய் தோண்டுகிறோம் என்று அதை வெட்டினார்கள். இப்போது அவர் டிரான்ஸ்ஃபார்மர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வெட்டிய மரத்துக்குப் பதில் எங்கே, எத்தனை நட்டார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கென்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. குடிநீர், குப்பை, நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. சென்னைக்கென்றே 2023-ல் காலநிலைச் செயல்திட்டம் ஒன்று வெளியாகியிருக்கிறது. 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியே விடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாக வேண்டும் என்கிறது அது. நம் வார்டில் அதற்காக இந்த வருஷம் என்ன நடக்கும் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளாட்சியால் பெரிதாக என்ன முடியும் என்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைக் காட்டுவேன். ஒரு கிராம ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி, மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. 200 வார்டு உள்ள சென்னையால் ஒரு கால்வாயின் மட்டத்தைச் சரிபார்க்க முடியாதா?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது தெருவில் நின்று கேட்க நமக்கு ஆள் இல்லை. கிராமங்களிலும் பல மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஓட்டுக் கேட்டு ஒருவர் நம் வாசலில் வந்து நிற்கும் அந்த ஐந்து நிமிஷம் அவ்வளவு அருமையானது. அதைச் சிரித்துக் கும்பிட்டு அனுப்புவதில் செலவழிக்காதீர்கள். "காலநிலைக்கு என்ன செய்வீங்க?" என்று பொதுவாகவும் கேட்காதீர்கள், "நல்லது செய்வோம்" என்றுதான் பதில் வரும். தெருப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கால்வாய், எந்த ஏரி, எத்தனை மரம், எந்த மாதத்துக்குள் என்று கேளுங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக் கூட்டத்தை ஒழுங்காகக் கூட்டி அங்கே கணக்குச் சொல்வாரா என்று கேளுங்கள். சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கு நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு தாள் தயார் செய்திருக்கிறோம். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அதே தாள்தான், அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். கால்வாய் முட்டி நிற்கிற இடத்தை அக்கா பெண் போட்டோ எடுத்து அதிலேயே ஒட்டியிருக்கிறாள். ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளையும் வைக்கப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.