ஒன் டவுன் யார் என்று சொல்லிவிடுங்கள்

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கொல்கத்தா டெஸ்ட்டில் மூன்றாவது பேட்ஸ்மேனாக, அதாவது ஒன் டவுனில், இறங்கிய வாஷிங்டன் சுந்தர், குவாஹாட்டியில் எட்டாவது ஆள். இரண்டு டெஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இல்லை. குவாஹாட்டியில் கண்ட 408 ரன் தோல்வியைப் பற்றி எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். ரன் கணக்கில் இந்தியா இதுவரை கண்ட மிகப் பெரிய டெஸ்ட் தோல்வி அது, எழுதத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அந்த 408-ஐ விட இந்த மூன்றும் எட்டும்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

கொல்கத்தா டெஸ்ட்டில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தது யார்? வாஷிங்டன். 29, 31. மொத்தம் 60. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் நான்கு இன்னிங்ஸில் ஒன்றுகூட 200-ஐத் தொடாத ஆட்டம் அது. 124 ரன் துரத்தும்போது முதல் ஓவரிலேயே ஜெய்ஸ்வால் போய்விட்டார், உள்ளே வந்த வாஷிங்டன் 92 பந்து நின்றார். மொத்த அணியும் 93-க்குச் சுருண்டது. சரி, இவரை ஒன் டவுனில் இறக்கியது நல்ல முடிவு என்றால், அடுத்த டெஸ்ட்டில் ஏன் எட்டு? எட்டுதான் அவருக்குச் சரியான இடம் என்றால், கொல்கத்தாவில் மூன்றாம் இடத்துக்கென்றே இருந்த சாய் சுதர்சனை உட்கார வைத்துவிட்டு இவரை ஏன் மூன்றில் இறக்கினீர்கள்? தனித்தனியாகக் கேட்டால் இரண்டு முடிவுக்கும் ஒரு நியாயம் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே வாரத்துக்குள் எடுத்துவிட்டு நியாயம் சொல்ல முடியாது. ஒன்று சரி என்றால் இன்னொன்று தவறு.

சாய் சுதர்சன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025 ஜூனில் லீட்ஸில் அறிமுகம், 0, 30. அடுத்த டெஸ்ட்டிலேயே வெளியே. மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. அக்டோபரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 87, 39. அதற்கடுத்த டெஸ்ட்தான் கொல்கத்தா, அதில் இடமில்லை. குவாஹாட்டியில் மறுபடியும் உள்ளே. ஆறு டெஸ்ட் ஆடுவதற்குள் இரண்டு முறை வெளியே போய் இரண்டு முறை உள்ளே வந்திருக்கிறார். இப்படி ஆடுகிற பையன் பந்தைப் பார்ப்பானா, பெவிலியனைப் பார்ப்பானா? குவாஹாட்டி இரண்டாவது இன்னிங்ஸில் 139 பந்துக்கு 14 ரன். அதையும் கிண்டல் செய்து மீம் போட்டார்கள். ஜெயிக்க வழியே இல்லாத ஆட்டத்தில் டிராவுக்காக ஒருவர் நிற்பதில் கிண்டலுக்கு என்ன இருக்கிறது?

இவர் ஒருவர் கதை மட்டுமில்லை. 2024 அக்டோபரில் நியூசிலாந்துக்கு எதிரான பெங்களூரு டெஸ்ட்டிலிருந்து எண்ணுங்கள். கோலி, கில், படிக்கல், ராகுல், சாய் சுதர்சன், கருண் நாயர், வாஷிங்டன். பதிமூன்று மாதத்துக்குள் ஏழு பேர் ஒன் டவுன் இறங்கியிருக்கிறார்கள். மெல்போர்னில் ரோஹித் ஓப்பனிங் வர வேண்டும் என்பதற்காக, அந்தத் தொடரில் ஓப்பனராக நன்றாக ஆடிக்கொண்டிருந்த ராகுலை மூன்றுக்குத் தள்ளினார்கள். ஏழு பேரில் யார் நல்லவர், யார் மட்டம் என்று நான் பேசவில்லை. ஏழு பேர் என்பதே தப்பு.

ஒன் டவுன் என்பது காலியாக இருக்கும் இருக்கை இல்லை, அது ஒரு தனி வேலை. ஆட்டத்தின் இரண்டாவது பந்திலும் போக வேண்டி வரும், நாற்பது ஓவர் பேட் கட்டிக்கொண்டு காத்திருந்தும் போக வேண்டி வரும். இரண்டுக்கும் மனதைத் தயாராக வைத்திருக்கப் பழக வேண்டும். நம் ஊர் டெஸ்ட்டில் பயன்படுத்தும் எஸ்ஜி பந்தில் தையல் நன்றாக எழும்பி நிற்கும். புதிதில் கொஞ்ச நேரம் ஸ்விங் ஆகும், அதற்குள் எந்தப் பந்தை விடுவது, எதை ஆடுவது என்று முடிவெடுக்கத் தெரிய வேண்டும். தூசி கிளம்பும் பிட்ச்சில் கடினமான புதுப்பந்து ஸ்பின்னர் கையிலிருந்தும் வேகமாகத் திரும்பும், எகிறும். பழைய பந்தில் அதே ஸ்பின்னரை ஆடுவது வேறு கதை. எட்டாவதாக இறங்குகிறவர் பெரும்பாலும் பழைய பந்தையோ, எண்பது ஓவருக்குப் பிறகு வரும் இரண்டாவது புதுப்பந்தையோ ஆடுவார். கூடவே பின்வரிசை ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு ஸ்ட்ரைக் யாருக்கு என்று கணக்குப் போட வேண்டும். குவாஹாட்டியில் வாஷிங்டன் அதைத்தான் குல்தீப்போடு சேர்ந்து செய்தார், எட்டாவது விக்கெட்டுக்கு 72 ரன். இந்த இரண்டு வேலைக்கும் நெட்ஸில் செய்யும் பயிற்சியே வேறு வேறு.

பல ஆண்டுகள் அந்த இடத்தில் ஆடிய புஜாராவைப் பற்றிப் பேசாமல் ஒன் டவுனைப் பற்றிப் பேச முடியாது. 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் 1258 பந்து ஆடி 521 ரன். 2021 பிரிஸ்பேனில் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்று 56. அந்தப் பக்கம் பந்து பழசாகி, பவுலர்கள் களைத்ததும்தான் பந்த் அடித்து ஜெயிக்க வைத்தார். புஜாராவையும் 2018-ல் எட்ஜ்பாஸ்டனில் உட்கார வைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த டெஸ்ட்டில் திரும்ப வந்தார், சவுத்தாம்ப்டனில் 132 நாட் அவுட் அடித்தார். அப்போதும் இறங்கும் இடம் மட்டும் மாறவில்லை. 2023 ஜூனோடு அவரை நிறுத்தினீர்கள், சரி. வயது, ஃபார்ம், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் செய்த வேலைக்கு அடுத்த ஆள் யார் என்று குவாஹாட்டி வரை முடிவெடுக்கவில்லையே!

இப்போது கொல்கத்தா லெவனுக்கு, அதாவது அங்கே ஆடிய பதினொரு பேருக்கு, வருவோம். எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஜடேஜா, அக்சர், குல்தீப், வாஷிங்டன் என்று நான்கு ஸ்பின்னர்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் இன்னிங்ஸ் 55 ஓவர். அதில் பும்ரா 14, சிராஜ் 12. பும்ரா 27 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுக்கும்போது எந்த கேப்டனும் பந்தைப் பிடுங்க மாட்டார். மிச்சம் 29 ஓவர், அதை நான்கு ஸ்பின்னர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வாஷிங்டனுக்குக் கிடைத்தது ஒன்று. இரண்டாவது இன்னிங்ஸில் அதுவும் இல்லை. ஆக மொத்த டெஸ்ட்டிலும் ஒரே ஓவர். 50, 55 ஓவரில் இன்னிங்ஸ் முடியும் பிட்ச்சில் நான்காவது ஸ்பின்னருக்கு வேலையே இருக்காது என்பதைக் காகிதத்தில் கூட்டிக் கழித்தாலே தெரிந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் எடுத்தது ஒரு பேட்ஸ்மேனைத்தான். ஒரு பேட்ஸ்மேன்தான் வேண்டும் என்றால், அந்த வேலைக்கென்றே அணியில் இருந்த சாய் சுதர்சனை எதற்காக வெளியே உட்கார வைத்தீர்கள்?

அடுத்தது இடதுகை. ஜெய்ஸ்வால், வாஷிங்டன், பந்த், ஜடேஜா, அக்சர், குல்தீப். பதினொரு பேரில் ஆறு பேர் இடதுகை ஆட்டக்காரர்கள். எதிரே தென்னாப்பிரிக்காவின் சைமன் ஹார்மர், ஆஃப் ஸ்பின்னர். லேசுப்பட்டவர் இல்லை, முதல்தர ஆட்டங்களில் ஆயிரம் விக்கெட் எடுத்தவர். இடதுகைக்காரருக்கு ரவுண்ட் த விக்கெட் வந்து போட்டால் பந்து முதலில் உள்ளே வரும், பிட்ச் ஆனதும் வெளியே திரும்பும். திரும்பினால் ஸ்லிப், திரும்பாமல் நேராகப் போனால் எல்பிடபிள்யூ. இப்படிப்பட்டவரை எதிர்கொள்ள ஒரு வழி வலது, இடது என்று மாற்றி மாற்றி ஆட்களை வைப்பது. பவுலர் ஒவ்வொரு சிங்கிளுக்கும் கோணத்தை மாற்ற வேண்டும், ஃபீல்டிங்கை மாற்ற வேண்டும், அதில் லெங்த் தவறும். நாம் அவருக்கு அந்தச் சிரமத்தையே கொடுக்கவில்லை. கொல்கத்தாவில் எட்டு விக்கெட். தொடர் முழுவதும் 17.

"சாய் சுதர்சனும் இடதுகைதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், இடதுகைதான். அவரைச் சேர்த்து அக்சரையோ வாஷிங்டனையோ வெளியே வைத்திருந்தாலும் எண்ணிக்கை ஆறாகத்தான் இருந்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் இடத்தில் புதுப்பந்து ஆடவே வளர்ந்தவர் ஒருவர் இருந்திருப்பார்.

பிட்ச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் கேட்ட பிட்ச்தான் இது, ஆட முடியாத பிட்ச் இல்லை என்று பயிற்சியாளர் கம்பீர் சொன்னார். தென்னாப்பிரிக்க கேப்டன் பவுமா அதே பிட்ச்சில் 55 நாட் அவுட் எடுத்தார், அதனால் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே திரும்பும் பிட்ச் கேட்பதன் விலை என்ன? நல்ல ஸ்பின்னருக்கும் சுமாரான ஸ்பின்னருக்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்த பிட்ச் அழித்துவிடும். மூன்றாம் நாளுக்கு மேல் மெல்லத் திரும்பும் பிட்ச்சில்தான் அஸ்வினும் ஜடேஜாவும் பல ஆண்டுகள் எதிரணிகளைத் தின்றார்கள். 2012-க்குப் பிறகு உள்நாட்டில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர் ஜெயித்தோமே, அதில் பெரும்பங்கு அந்த ஜோடிக்கு. அதற்குப் பிறகு 2024-ல் நியூசிலாந்துக்கு எதிராகப் புணேயில் என்ன ஆனது? அதுவரை டெஸ்ட்டில் ஒரு முறைகூட ஐந்து விக்கெட் எடுத்திராத சான்ட்னர் ஒரே ஆட்டத்தில் 13 எடுத்தார். மும்பையில் 147 துரத்தி 121-க்கு ஆல் அவுட். ஒரு வருடம் கழித்துக் கொல்கத்தாவில் 124 துரத்தி 93. ஒரே தப்பு, ஒரே மாதிரி. குவாஹாட்டியோடு சேர்த்து, கடைசி ஏழு உள்நாட்டு டெஸ்ட்டில் ஐந்து தோல்வி.

"கேப்டன் கில் கழுத்து வலியால் ஆட முடியாமல் போனது உனக்குத் தெரியாதா?" தெரியும். துரதிர்ஷ்டம்தான். ஆனால் ஆறு இடதுகையும் நான்கு ஸ்பின்னரும் அவர் கழுத்து பிடிப்பதற்கு முன்பே முடிவானவை.

"இங்கிலாந்தில் 2-2 டிரா செய்ததைப் பேச மாட்டாயா?" பேசுகிறேன். நல்ல தொடர், ஓவலில் ஜெயித்தது பெரிய விஷயம். அந்தத் தொடரில் மான்செஸ்டரைக் காப்பாற்றியது யார்? ஐந்தாவதாக இறங்கிய வாஷிங்டன் 101 நாட் அவுட், ஜடேஜா 107 நாட் அவுட். அந்த வாஷிங்டனைத்தான் மூன்றுக்கும் எட்டுக்கும் அலைய விடுகிறீர்கள் என்றுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

"ரோஹித், கோலி, அஸ்வின் எல்லோரும் போய்விட்டார்கள், இது மாறுகிற காலம், பொறுமை வேண்டும்." பொறுமை எங்களுக்கு நிறையவே இருக்கிறது. அது அணியைத் தேர்ந்தெடுப்பவர்களிடம்தான் இல்லை. ஆட்கள் புதிது என்றால் இடத்தையாவது நிலையாகக் கொடுக்க வேண்டாமா? அனுபவசாலிக்கு இடம் மாறினால் சமாளிப்பார். ஆறு டெஸ்ட் ஆடிய பையன் எப்படிச் சமாளிப்பான்?

அடுத்து வரப்போகிற கமெண்ட்டும் எனக்குத் தெரியும். "ரெண்டு பேரும் நம்ம ஊர்ப் பசங்க, அதனால்தான் பொங்குகிறாய்." இதைக் கேட்கும்போதுதான் உண்மையிலேயே மனது வலிக்கிறது. கருண் நாயர் எந்த ஊர்? 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 303 நாட் அவுட் அடித்தவரை அடுத்த டெஸ்ட்டில் உட்கார வைத்தார்கள். ரஹானே காயத்திலிருந்து திரும்பிவிட்டார் என்பது காரணம். சர்ஃபராஸ் கான் எந்த ஊர்? பெங்களூருவில் 150 அடித்தார். அடுத்த இரண்டு டெஸ்ட்டில் சரியாக ஆடவில்லை, உண்மை. அத்தோடு ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட்டும் பெஞ்சில் இருந்தார், இங்கிலாந்துத் தொடருக்கான டெஸ்ட் அணியில் இடமே இல்லை. குல்தீப் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்டும் தண்ணீர் பாட்டில் தூக்கினார். யாரும் என் ஊர் இல்லை.

ஆனாலும் அஸ்வினைப் பற்றிப் பேசும்போது நடுநிலையாக இருக்க என்னால் முடியாது, அதை மறைக்கவும் விரும்பவில்லை. 2021-ல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்ட்டில் ஒன்றில்கூட அவரை ஆட வைக்கவில்லை. 2023 உலக டெஸ்ட் இறுதிப் போட்டியில், ஐசிசி தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பவுலரை வெளியே வைத்தார்கள். எதிரே ஆஸ்திரேலியாவில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று வரிசையாக இடதுகை ஆட்டக்காரர்கள். ஹெட் 163 அடித்தார். 2024 ஆஸ்திரேலியத் தொடரில் பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று ஸ்பின்னர். பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த அன்றே, தொடரின் நடுவிலேயே, அஸ்வின் 537 விக்கெட்டோடு போதும் என்று கிளம்பிவிட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் 106 டெஸ்ட் ஆடிய மனிதருக்கு நாளை நாம் லெவனில் இருக்கிறோமா என்பது தெரியாமலே ஒரு தொடர் போனது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கறிவேப்பிலையாக நடத்தப்பட்டார் என்று நான் சொன்னால் கோபப்படாதீர்கள்.

இப்போது அதே வரிசையில் வாஷிங்டன் நிற்கிறார். 2021 பிரிஸ்பேனில் அறிமுகத்திலேயே ஏழாவதாக இறங்கி 62. அதே ஆண்டு அகமதாபாத்தில் 96 நாட் அவுட். அதன்பிறகு மூன்றரை வருடம் டெஸ்ட்டே இல்லை, நடுவில் காயமும் இருந்தது. திரும்ப வந்த புணே டெஸ்ட்டில் 11 விக்கெட். ஐந்தில் இறக்கினால் சதம், மூன்றில் இறக்கினால் அணியில் அதிக ரன், எட்டில் இறக்கினால் 48. எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறார் என்பதற்காகவே எந்த வேலையும் அவருக்கு நிலையாகக் கிடைப்பதில்லை.

அடுத்த டெஸ்ட் என்றைக்கு வந்தாலும் வரட்டும். அதுவரை அவர் நெட்ஸுக்குப் போவார், பேட் கட்டுவார். புதுப்பந்தை விட்டுப் பழக வேண்டுமா, பின்வரிசையோடு ரன் சேர்க்கப் பழக வேண்டுமா, அல்லது இருபது ஓவர் ஆஃப் ஸ்பின் போடத் தோளைத் தயார் செய்ய வேண்டுமா? அதை இன்றைக்காவது யாராவது அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.