எட்டில் எந்தப் பாட்டு பொய்?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நண்பர் ஒருவர் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் 'பிட்டர் டியர்ஸ்' ஆல்பம் ஒரு பொய்யில் பிறந்தது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு, மனிதர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் அந்த ஆல்பத்தைக் கேட்டதில்லை. கேட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

1964 அக்டோபரில் வந்த ஆல்பம் அது. எட்டே பாட்டு, எட்டும் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றியவை. ஐந்தை எழுதியவர் பீட்டர் லா ஃபார்ஜ். முந்தைய வருஷம்தான் கேஷின் காதல் பாட்டு ஒன்று கன்ட்ரி இசைக்கான விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதே மாதிரி இன்னும் நாலு பாடியிருந்தால் காசு கொட்டியிருக்கும். அவர் பாடியது என்ன? செனிகா என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தை மூழ்கடிக்க எழும்பிக்கொண்டிருந்த கின்சுவா அணையை. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது, 1794-ல், அந்த நிலம் உங்களுடையது என்று அமெரிக்க அரசு அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. அதை மீறித்தான் அந்த அணை. ஆல்பம் வந்தபோது அணை வேலைகூட முடியவில்லை. என்றோ நடந்து முடிந்த கதைக்கு அழுத பாட்டல்ல. கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த அநியாயத்தைப் பெயர் சொல்லிக் கேட்ட பாட்டு. கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சரி, அந்தப் 'பொய்'. தனக்குச் செரோக்கி என்ற பூர்வகுடியின் ரத்தம் இருப்பதாக கேஷ் அப்போது சொல்லிக்கொண்டார், அது உண்மையில்லை. தப்புதான். அப்படி இல்லை என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார். அதனால் கின்சுவா அணை இல்லை என்று ஆகிவிடுமா? ஐரா ஹேய்ஸ் சாகவில்லை என்று ஆகிவிடுமா?

ஆல்பத்தின் ஒரு பாட்டு ஐரா ஹேய்ஸைப் பற்றியது. அவர் அரிசோனாவின் பிமா என்ற பூர்வகுடி இனத்துப் பையன். இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரியில், ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடியை நட்ட ஆறு பேரில் ஒருவர். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கொண்டாடினார்கள், கைகுலுக்கினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். குடியில் விழுந்து 1955 ஜனவரியில், 32 வயதில் செத்துப்போனார். பிமா மக்களின் ஆற்றுத் தண்ணீரை வெள்ளைக்காரர்கள் மடக்கிக்கொண்டதில்தான் பாட்டே ஆரம்பிக்கிறது.

இந்தப் பாட்டை ஒருமுறை எங்கள் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் பாட்டென்றாலே எழுந்து போய்விடுவார். கேஷ் இதில் சரணங்களைப் பேசுகிற மாதிரிதான் சொல்லிக்கொண்டு போவார். நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னேன். வாய்க்காலில் கிடந்து சாகிற இடம் வந்ததும் சித்தப்பா, "பென்ஷன் குடுத்தானுங்களா இல்லையா?" என்று கேட்டார். அது மட்டும்தான் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதையில் பாதிகூட நம் மேடைக்காரரிடம் இல்லை.

"ஆல்பம் என்றாலே வியாபாரம்தானே" என்று ஒருவர் வருவார். வியாபாரி தன் பாட்டைப் போடுகிற ரேடியோக்காரர்களையே பகைத்துக்கொள்வானா? ஐரா ஹேய்ஸ் பாட்டு ஆல்பத்துக்கு முன்பே தனியாக வந்தது, அதைப் பல ரேடியோ நிலையங்கள் ஒதுக்கின. 1964 ஆகஸ்டில் கேஷ் தன் கைக்காசில் பில்போர்டு என்ற இசைத்துறைப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வாங்கி, உங்கள் தைரியம் எங்கே போயிற்று என்று அவர்களை நேராகவே கேட்டார். இந்தப் பாட்டு காரமான மருந்து என்றால் இனக் கலவரம் கண்ட ஹார்லெமும் பர்மிங்ஹாமும், போர் நடந்த வியட்நாமும் அப்படித்தான் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் பாட்டு கன்ட்ரி பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது.

பூர்வகுடிகளே பாடியிருக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். அவர்கள் பாடவும் செய்தார்கள். ஆனால் அந்த நிலையங்களின் கதவு அவர்களுக்குத் திறந்தா இருந்தது? கதவு திறந்திருந்தவர் உள்ளே போய்ச் சண்டை போட்டார். 1968-ல் தெற்கு டகோட்டாவில் பூர்வகுடிகள் வாழும் ரோஸ்பட் பகுதிக்கே போய் அந்த மக்கள் முன்னால் பாடினார்.

உண்மையில் எனக்கு வலிப்பது கேஷுக்காக மட்டுமில்லை. கன்ட்ரி கேட்கிறேன் என்றாலே ஒரு இளக்காரம். குடிகாரன் பாட்டு, வெள்ளை இனவெறியன் பாட்டு, உனக்கு ஏன் இது என்று கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜாஸ் கேட்பவனை இப்படி யாரும் நிற்கவைத்துக் கேட்பதில்லை. கறுப்பினத்தவரான சார்லி ப்ரைடு இதே கன்ட்ரியில்தான் வரிசையாக முதலிடப் பாட்டுகள் கொடுத்தார் என்று சொன்னால், அது விதிவிலக்கு என்று முடித்துவிடுவார்கள். கேட்காமலே முடித்துவிடுகிறீர்கள், அதுதான் என் கோபம். ஒரு கலையை வெறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதலில் கேளுங்கள், பிறகு வெறுங்கள்.

அந்த நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். எட்டுப் பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம்தான். கேட்டுவிட்டு வந்து, எட்டில் எந்தப் பாட்டு பொய் சொல்கிறது என்று இங்கே எழுதுங்கள். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.